கடப்பா கல்லும் பாதாள வழிகளும்

திருத்தணியின் பழைய வீடுகளில் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பவர்கள், அங்கே இருவேறு இனத்துக் கற்கள் நெடுங்காலமாக ஒன்றன்மீது ஒன்று குடியிருந்து வருவதைக் காணலாம். மேடையாகப் பதித்திருப்பது கடப்பா கல். கறுத்து, வழவழப்பாய், பலகை பலகையாகப் பிளந்து வரும் சுபாவமுடையது. அதன்மேல் கிடக்கும் அம்மியோ, முருகப்பெருமான் எழுந்தருளியிருக்கும் குன்றைப் போலவே கருங்கல். ரசத்துக்குப் பிழிந்த எலுமிச்சை மூடியொன்றை மேடையிலும் மற்றொன்றை அம்மியிலும் இரவு கவிழ்த்து வைத்துவிட்டு, பொழுது விடிந்ததும் எடுத்துத் துடைத்துப் பார்த்தால், அம்மியில் ஒரு மாறுதலும் தெரியாது. மேடையில் மட்டும், மூடி இருந்த வட்டத்தில் மெருகு போய், வெளிறிச் சொரசொரத்த தழும்பு ஒன்று விழுந்திருக்கும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அது மறையாது. கல்லின் மேற்பரப்பு அவ்விடத்தில் கரைந்தே போய்விட்டது.

இந்தத் தழும்பை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து 365 படிகளையும் ஏறிச் செல்லும் பக்தர்கள், மலையைக் குடைந்துகொண்டு உள்ளே நெடுந்தூரம் செல்லும் பிலம் எதனையும் வழியில் காண்பதில்லை. எத்தனையோ லட்சம் ஆண்டுகளாகப் பருவமழை அடித்தும் அக்குன்று உட்புறம் திண்ணென்று கட்டியாகவே நிற்க, பெய்த நீரெல்லாம் பாறையின் முதுகில் வழிந்து நந்தியாற்றை நோக்கி இறங்கிவிடுகிறது. ஆனால் ரேணிகுண்டா, கடப்பை, ஜம்மலமடுகு வழியாக வடமேற்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பிரயாணம் செய்தால், நந்தியால் மாவட்டத்துக் கொலிமிகுண்ட்லாவை அடுத்த பெலும் என்னும் சிற்றூரில், வயற்காட்டுச் சமதரைக்கு அடியில், 3,229 மீட்டர் நீளமும் ஆழமான இடத்தில் 46 மீட்டர் இறக்கமும் உள்ள ஒரு குகை கிளை கிளையாக ஓடுகிறது. மழையின் அளவைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. ராயலசீமையின் அந்தப் பகுதி நம் தேசத்திலேயே மழை குறைந்த பிரதேசங்களுள் ஒன்று. மழை வறண்ட இடத்தில் பூமி குடைபட்டிருக்க, அதைவிட மழை கண்ட இடத்தில் குன்று கலங்காமல் நிற்பானேன்? விடை சமையற்கட்டு மேடையின் தழும்பிலேயே இருக்கிறது. ஏனெனில் பெலும் குகை எந்த நார்ஜிச் சுண்ணாம்புக்கல் படுகையில் அமைந்திருக்கிறதோ, அதே படுகையிலிருந்துதான் கடப்பா பலகைகளும் வெட்டப்பட்டு லாரிகளில் ஏறி நம் வீடுகளுக்கு வந்து சேர்கின்றன.

எலுமிச்சைச் சாற்றுக்குப் புளிப்பு உண்டு. மழைநீருக்கு அது எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து இறங்கும் துளி, காற்றில் கலந்துள்ள கரியமில வாயுவில் சிறிதளவைத் தன்னுள் கரைத்துக்கொண்டுதான் தரையைத் தொடுகிறது. காற்றில் அந்த வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்கே இருப்பதால், அத்துளியின் அமிலத்தன்மை மிகச் சொற்பம். மண்ணுக்குள் புகுந்த பிறகே அதன் வலிமை கூடுகிறது. வேர்கள் மூச்சு விடுவதாலும், சருகு மட்குவதாலும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இடைவிடாது உண்டு செரிப்பதாலும் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றில் கரியமில வாயு நூற்றில் ஒரு பங்கு வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் திரண்டு நிற்கிறது. ஆகவே ஒரு சாண் மண்ணைக் கடந்து இறங்கிய நீர், மேகத்திலிருந்து வந்தபோது இருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு புளிப்புடையதாகிச் சுண்ணாம்புக்கல்லைச் சந்திக்கிறது. கால்சியம் கார்பனேட் என்னும் அக்கல், வெறும் நீரில் கரையாதது போலவே தோன்றினாலும், இந்தப் புளிப்பு நீரில் பைகார்பனேட்டாக மாறிக் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, நீர் போகும் இடமெல்லாம் உடன் போய்விடுகிறது.

கருங்கல்லை இந்த நீர் தொடுவதே இல்லையென்று எண்ணிவிடலாகாது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் தாதுவை அது மெல்ல மெல்லத் தின்னத்தான் செய்கிறது. ஆனால் தின்ற பிறகு மிஞ்சுவது களிமண். அது நீரில் கரையாமல், எந்த வெடிப்பின் வழியாக நீர் புகுந்ததோ அந்த வெடிப்பையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. உடனிருக்கும் குவார்ட்ஸ் மணிகளோ ஏறக்குறைய அப்படியே மணலாக உதிர்கின்றன. சுண்ணாம்புக்கல்லில், அது சுத்தமாக இருக்குமளவுக்கு, கரைந்தது முழுதும் நீரோடு வெளியேறிவிட, திறந்த வழி திறந்தபடியே இருந்து அடுத்த துளிக்கு இடம் கொடுக்கிறது. கரைவதன் வேகத்தைக் காட்டிலும், கரைந்தது எங்கே போகிறது என்பதே ஒரு மலை குகையுள்ளதாகுமா ஆகாதா என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கிறதென்று நான் கருதுகிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, கவனமாகப் படிக்கும் வாசகருக்கு ஒரு சந்தேகம் எழுந்தே தீரும். புளிப்பு நீர் சுண்ணாம்புக்கல்லைக் கண்டதும் கரைக்குமானால், மேல்தட்டைத் தொட்ட மாத்திரத்திலேயே தன் சக்தியையெல்லாம் செலவழித்துவிடாதா? அப்படிச் செலவழித்தால் தரை வேண்டுமானால் ஆண்டுக்காண்டு சிறிது தாழலாமே யன்றி, கீழே 40 மீட்டர் ஆழத்தில் மண்டபமும் சுரங்கமும் எப்படி உண்டாகும்? குகையியல் வல்லுநர்களை நெடுநாள் அலைக்கழித்த வினா இது. சோதனைச் சாலையில் அளந்து பார்த்தபோது புலப்பட்ட விஷயம் என்னவென்றால், நீர் தன் கொள்ளளவை நெருங்க நெருங்கக் கரைக்கும் வேகம் திடீரெனத் தளர்ந்துவிடுகிறது. முதல் சில அடிகளிலேயே பெரும்பங்கு வேலையை முடித்துவிட்டாலும், எஞ்சிய சிறு பங்கை மிக மிக மெதுவாகவே செலவிடுவதால், மயிரிழை போன்ற ஒரு பிளவின் வழியே நூற்றுக்கணக்கான மீட்டர் கடந்த பின்னும் அந்நீரில் சற்றே புளிப்பு மிஞ்சியிருக்கிறது. அந்த மிச்சம்தான் பிளவின் முழு நீளத்தையும் பல்லாயிரம் ஆண்டுகளில் அகலப்படுத்துகிறது. அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டரை எட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. அதுவரை நூலாக வழுக்கிச் சென்ற நீர் இப்போது சுழித்துப் புரண்டு ஓடத் தொடங்கி, புளிப்புக் குறையாமலே உள்ளே வெகுதூரம் சென்று சுவரை அரிக்கிறது. அகன்ற வழியில் அதிக நீர், அதிக நீரால் மேலும் அகலம் என்று ஒன்றையொன்று தூண்டிக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிளவுகளில் ஓடிய நீரையும் இழுத்துக்கொண்டு, ஆயிரம் பிளவுகளுள் ஒன்றோ இரண்டோ மட்டும் பாதாள நதிகளாகிவிடுகின்றன. சுண்ணாம்பு மலை எல்லாப் பக்கமும் சல்லடையாகாமல், திண்ணிய பாறைக்கு நடுவே தனி வழிகளாகக் குடைபடுவது இதனால்தான்.

நீர் நிறைந்திருந்த காலத்தில் கூரை, சுவர், தரை மூன்றையும் சமமாக அரித்திருப்பதால் வழி உருண்டைக் குழாயாக இருக்கும். பிற்பாடு நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து, குழாயின் அடியில் மட்டும் ஓடை ஓடும்போது அது தரையை மாத்திரம் அறுத்துக்கொண்டு கீழே இறங்குவதால், மேலே வட்டமும் கீழே ஒடுங்கிய பள்ளமுமாகச் சாவித்துவார வடிவம் உண்டாகிறது. இத்தகைய குறுக்குவெட்டைக் காணும் குகையியலார், இங்கே ஆறு ஒரு காலத்தில் தாழ்ந்தது என்று ஓலையில் எழுதியதைப் படிப்பதுபோல் படித்துவிடுகிறார்கள். சுவரில் மீன்செதில் போன்ற குழிவுகள் வரிசையாய் இருப்பின் இன்னும் நுட்பமாகப் படிக்கலாம். குழிவு சிறியதாக இருந்தால் நீர் வேகமாக ஓடியதென்றும், பெரிதாக இருந்தால் நிதானமாக ஓடியதென்றும், செங்குத்தான ஓரம் எப்பக்கம் இருக்கிறதோ அப்பக்கத்திலிருந்தே நீர் வந்ததென்றும் தெரிந்துகொள்ளலாம். வற்றிப் பல்லாயிரம் ஆண்டுகளான ஒரு நதியின் திசையையும் வேகத்தையும் விரலால் தடவி அறிவது மனிதனுக்குக் கிடைத்த அபூர்வமான பேறுகளுள் ஒன்று.

வழி வெறுமையான பின்பு நேர்மாறான வேலை தொடங்குகிறது. உப்புநீர்க் கிணற்றுத் தண்ணீரை நாள்தோறும் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளை ஓடு படிவதை எல்லோரும் அறிவோம். சூட்டினால் நீரிலிருந்த கரியமில வாயு வெளியேற, அதன் துணையால் மட்டுமே கரைந்திருந்த சுண்ணாம்பு தங்க இடமின்றிப் பாத்திரத்தில் படிந்துவிடுகிறது. குகையில் அடுப்பு இல்லை. ஆனால் மண்ணில் அளவுமீறி வாயுவை ஏற்றிக்கொண்ட துளி, கூரையிலிருந்து குகையின் திறந்த காற்றில் தொங்கும்போது அவ்வாயுவை விட்டுவிட, விழுவதற்கு முந்திய கணங்களில் மயிரளவு சுண்ணாம்பு விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. கூரையிலிருந்து இவ்வாறு இறங்குவது கல்விழுது. விழுந்த துளியில் எஞ்சியது தரையிலிருந்து எழுப்புவது கல்முளை. இரண்டும் கூடினால் தூண். ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்வது சாதாரணம் என்று கொண்டால், ஒரு சாண் விழுது முற்ற ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் வேண்டும். பெலும் குகையில் கோடிலிங்கங்கள் என்றும், ஆயிரம் படங்கள் என்றும், ஆல விழுது மண்டபம் என்றும் வழங்கும் இடங்கள் எல்லாம் இவ்விதம் துளித்துளியாய்க் கட்டப்பட்டவையே.

அந்தக் குகையை விஞ்ஞான உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் நம் திருவள்ளூர் மாவட்டத்தோடு மிக நெருங்கிய சம்பந்தமுடையவர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டில், தம் சகாவான வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பக்கமுள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டார்; அத்தலத்தில் பிற்காலத்தே சாந்தி பப்பு குழுவினர் நிகழ்த்திய அகழ்வின் முடிவாக, அங்கே 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் மனித இனம் வாழ்ந்ததென 2011-ல் அறிவிக்கப்பட்டது. ஃபூட் 1884-ல் கர்நூல் பகுதியில் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டி ஆராய்ந்தபோது பெலும் குகையையும் குறிப்பிட்டார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைய அதனை முறையாக அளப்பார் எவருமில்லை. 1982-லும் 1983-லும் டேனியல் கெபாவர் என்னும் ஜெர்மானியர் தலைமையில் வந்த சிறு குழுவினர், ஊராரின் துணையோடு உள்ளே புகுந்து, வளைவு வளைவாக அளந்து வரைபடம் ஆக்கிய பின்னரே அதன் நீளமும் ஆழமும் உலகுக்குத் தெரிந்தன. ஆந்திர சுற்றுலாத் துறை விளக்கும் படியும் அமைத்து 2002-ல் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தது. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே செல்வோர், தரையில் கிணறுபோல் திறந்துள்ள உறிஞ்சு துளை வழியாகப் படியிறங்கி, வியர்வை வழியும் வெப்பத்தில் நடந்து, ஓர் ஊற்றுநீர் பாறைக்குள் மறையும் பாதாளகங்கை வரை செல்கிறார்கள்.

திருத்தணிக்கு இன்னும் அருகே, பூண்டியைத் தாண்டி அல்லிக்குழி மலைத்தொடரில் உள்ள குடியம் குகைகளை இவற்றோடு ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அவற்றின் கதை வேறு. நகரிப் பக்கத்து மலைகளை உண்டாக்கிய பழைய குவார்ட்சைட் பாறையை ஆதிகால ஆறுகள் உடைத்து உருட்டிக் கூழாங்கற்களாக்கிக் கொண்டுவந்து குவிக்க, அக்குவியல் மணலாலும் மண்ணாலும் இறுகித் திரள்பாறையாயிற்று. அந்த இறுக்கம் பலவீனமான அடுக்குகளில் கல்லும் மணலும் உதிர்ந்து விழ, அகன்ற வாயும் ஆழமில்லாத உட்புறமுமாகப் பெரும் பாறைக் கூடங்கள் அமைந்தன. இருட்டுக்குள் போவதற்கு அங்கே இடமில்லை. ஆனால் அண்ணாந்து பார்த்தால், முட்டி முட்டியாகக் கூழாங்கற்கள் பதிந்த கூரை தலைக்குமேல் கவிந்து நிற்க, அதிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு கல்லும் ஆதிமனிதனுக்குக் கருவி செய்யக் கை நீட்டினால் எட்டும் மூலப்பொருளாய் இருந்திருக்கும் என்ற எண்ணம் தானே எழும். 1960-களின் முற்பகுதியில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது கற்கருவிகள் கிடைத்தன. ஊரார் அங்கே இன்றும் தேவியை வழிபடுகிறார்கள்.

இனி இந்த இருட்டுக்குள் விரும்பிப் போகிறவர்களைப் பற்றிப் பேசவேண்டும். குகையியல் என்னும் சாஸ்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு: அதன் அடித்தளம் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஆர்வலர்களால் கட்டப்பட்டது. நவீன குகையியலின் தந்தை என்று போற்றப்படும் எதுவார் மார்த்தேல் பாரிஸ் நகரத்து வழக்கறிஞர். 1888 முதல் விடுமுறைகளில் கயிற்றேணியும் மெழுகுவத்தியுமாகப் பிரான்ஸின் பாதாளக் கிணறுகளில் இறங்கி, 1895-ல் அதற்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார். விண்ணிலிருந்து படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் இமயத்தின் ஒவ்வொரு சிகரத்தையும் அளந்துவிடும். ஆனால் பாறைக்கு அடியில் நூறு மீட்டர் ஆழத்தில் வழி இடப்புறம் திரும்புகிறதா வலப்புறம் திரும்புகிறதா என்பதை, ஒருவர் மார்பால் ஊர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தாலன்றிச் சொல்ல முடியாது. ஆகையால் இன்ப உலாவாகத் தொடங்கியவர்களே நாளடைவில் நில அளவையாளர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். புதிய வழி ஒன்று கண்டால் அதை அளக்காமல் முன்னே ஓடுவது அவர்களுள் மரியாதைக் குறைவாகவே கருதப்படுகிறது.

அளக்கும் முறையைச் சற்று அருகிருந்து பார்ப்போம். ஒருவர் நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வளைவு தெரியும் எல்லை வரை சென்று, பாறையில் ஒரு புள்ளியைக் குறித்து விளக்கை அதன்மேல் காட்டுவார். பின்னிருப்பவர் திசைமானியைக் கண்ணருகே வைத்து அந்த வெளிச்சம் வடக்கிலிருந்து எத்தனை பாகை என்றும், சாய்வுமானியால் ஏற்றமா இறக்கமா என்றும் படித்துக் கூவுவார். மூன்றாமவர், சேற்றிலும் ஈரத்திலும் கெடாத காகிதத்தில் பென்சிலால் அதனை எழுதிக்கொண்டு, கேட்டது சரிதான் என்பதற்காகத் திரும்ப ஒருமுறை உரக்கச் சொல்லி, சுவரின் தூரத்தையும் கூரையின் உயரத்தையும் சேர்த்துப் படம் வரைவார். பிறகு எல்லோரும் ஒரு புள்ளி முன்னே நகர்வார்கள். கழுத்தளவு குளிர்நீரில் நின்றாலும் இதில் ஓர் எண்ணும் விடுபடுவதில்லை. வழி சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே அடையுமானால், கணக்கின்படியும் அதே புள்ளிக்கு வந்தாக வேண்டும். வராமல் ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ விலகி நின்றால் அந்த விலகலே அவர்கள் வேலையின் யோக்கியதையைக் காட்டும் சான்று. தங்கள் பிழையைத் தாங்களே கண்டுகொள்ளும் இந்த ஏற்பாடுதான் ஓர் உல்லாசப் பொழுதுபோக்கைச் சாஸ்திரமாக உயர்த்துகிறது.

அவ்விதம் ஊர்ந்து அளந்த பொறுமைக்கு 1972 செப்டம்பர் 9-ஆம் நாள் கிடைத்த பலன் மறக்கத்தக்கதன்று. அமெரிக்காவில் கெண்டக்கி மாநிலத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளில் நுழைந்த தன்னார்வக் குழு ஒன்று, ஒரு பள்ளத்தாக்கின் அடியிலுள்ள சேற்று நீர்வழியே பல மணி நேரம் நகர்ந்து சென்றபோது, எதிரே இருட்டில் இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று தென்பட்டது. அது மாமத் குகையில் சுற்றுலாப் பயணிகளுக்காகப் போடப்பட்டிருந்த கம்பி. இரண்டு குகைகளும் ஒன்றே என்பது அந்தக் கணத்தில் நிரூபணமாயிற்று. இன்று 680 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்டு உலகின் மிக நீண்ட குகையாக அது விளங்குகிறது.

மனிதன் புக முடியாத இடத்துக்குச் சாயத்தை அனுப்புவார்கள். ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் அருகே டான்யூப் நதி தன் படுகையிலேயே மறைந்துபோகிறது. அந்நீர் 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆஹ் ஊற்றில் வெளிப்படுகிறதோ என்ற விவாதத்தைத் தீர்க்க, 1877-ல் க்னோப் என்னும் புவியியல் பேராசிரியர் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தை நதியில் கொட்டச் செய்தார்; 60 மணி நேரம் கழித்து அந்த ஊற்று பளிச்சென்ற பச்சை நிறத்தில் பொங்கிற்று. கருங்கடலுக்குப் போகவேண்டிய நீரின் ஒரு பகுதி மலைக்கடியில் திசைமாறி, ரைன் நதியோடு வடகடலுக்குப் போகிறதென்பது இவ்வாறு உறுதியாயிற்று. சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த யாழ்ப்பாணத்தில், புத்தூருக்கருகே நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்து வந்ததாக ஊரார் சொல்லிவரும் கதை, நடந்ததோ நடக்கவில்லையோ, எண்ண அளவில் அதே பரிசோதனைதான் என்பதைத் தமிழர்களாகிய நாம் எண்ணி மகிழலாம்.

நம் தேசத்தில் இக்கலையின் தலைநகரம் மேகாலயம். பிரயன் கார்ப்ரான் டேலி நிறுவிய மேகாலயச் சாகசச் சங்கமும் வெளிநாட்டு ஆர்வலர்களும் 1992 முதல், மழை ஓய்ந்த பிப்ரவரி மாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் கூடி, காசி, ஜைந்தியா மலைகளில் சுமார் 500 கிலோமீட்டர் பாதாள வழிகளை அளந்திருக்கிறார்கள். கிரெம் லியாத் பிராஹ் என்னும் குகை மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. கிரெம் உம் லாடாவ் என்னும் குகையில் வாழும் கண்ணற்ற மீன், உலகில் இதுவரை அறியப்பட்ட பாதாள மீன்களுள் மிகப் பெரியதென 2019-ல் பதிவாயிற்று. அதன் நீளம் 40 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது.

ஆனால் அம்மலைகள் அளித்த பெரும் செல்வம் சிரபுஞ்சியை அடுத்த மாம்லு குகையின் ஒரு கல்முளை. சொட்டும் நீரில் யுரேனியம் கரைந்து வரும், தோரியம் கரையாது. ஆகவே கல்முளையின் ஒவ்வோர் ஏடும் படியும் நாளில் அதில் யுரேனியம் மட்டுமே இருக்கும். காலம் செல்லச் செல்ல யுரேனியம் சிதைந்து தோரியமாகிக்கொண்டே வருவதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் அந்த ஏடு படிந்த காலம் கிடைத்துவிடும். அதே ஏட்டிலுள்ள பிராணவாயுவில் கனமான அணுக்களும் லேசான அணுக்களும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பது அக்காலத்துப் பருவமழையின் வலிமையைக் காட்டும். இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தபோது, இன்றைக்கு ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிவுற்றது புலனாயிற்று. அந்தக் கல்முளையையே அளவுகோலாகக் கொண்டு, அன்று முதல் இன்று வரையுள்ள காலத்துக்கு மேகாலயக் காலம் என்ற பெயரைப் புவியியலாரின் சர்வதேச அமைப்பு 2018-ல் அங்கீகரித்தது. பூமியின் வரலாற்றில் நாம் வாழும் அத்தியாயத்துக்கே ஓர் இந்தியக் குகையின் சொட்டுநீர் பெயர் வைத்திருக்கிறது!

இருட்டில் ஆபத்து இல்லாமலில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே மூன்று விளக்குகள் கொண்டுசெல்வதும், தலைக்கவசம் அணிவதும், நால்வருக்குக் குறையாமல் செல்வதும், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணையிருக்க இருவர் வெளியேறலாம் என்று கணக்கிடுவதும், இத்தனை மணிக்குள் திரும்பாவிட்டால் தேடி வாருங்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் இவர்களிடையே எழுதாச் சட்டங்கள். இவற்றினும் பெரிய சட்டம் மழைக்காலத்தில் நுழையாமை; எங்கோ மேலே பெய்த மழை எச்சரிக்கையின்றிக் குழாயை நிரப்பிவிடும். 2018 ஜூன் 23-ல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் கால்பந்தாடும் சிறுவர் பன்னிருவரும் அவர்கள் பயிற்சியாளரும் அகப்பட்டுக்கொண்டது இப்படித்தான். ஜூலை 2-ஆம் நாள் அவர்களைக் கலங்கல் நீருக்கடியில் தேடிக் கண்டவர்கள், வெள்ளம் நிறைந்த குகைகளில் நீந்துவதையே விடுமுறைப் பழக்கமாகக் கொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்டான்டன் என்னும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரரும், ஜான் வொலாந்தன் என்னும் கணினித் துறையாளரும் ஆவர். ஜூலை 10-க்குள் பதின்மூவரும் உயிரோடு மீட்கப்பட்டனர். அம்முயற்சியில் சமன் குனான் என்னும் முன்னாள் கடற்படை வீரர் உயிர்நீத்தார். பிறர் வீண்வேலை என்று எண்ணும் ஒரு பழக்கத்தில் பல்லாண்டு பழகிய கைகள் இருந்ததனால்தான் அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

திருத்தணியிலிருந்து இக்கலையில் கால் வைக்க நினைக்கும் இளைஞர்களுக்குக் கோலார் அருகே அந்தரகங்கை மலை நல்ல ஆரம்பம். அங்கே பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்க, அவற்றின் இடுக்குகளில் புகுந்து வெளிவரும் பழக்கத்தைப் பெங்களூர் இளைஞர்கள் நெடுநாளாகப் பயின்று வருகிறார்கள். குடியத்துக்கும் நடந்து போகலாம். காட்டுப் பகுதியாதலால் வனத்துறையாரிடம் கேட்டுக்கொண்டு போவதே முறை. எங்கே போனாலும் வௌவால் உறங்கும் கூரைக்கடியில் கூச்சலிடாமலும், கல்விழுதைக் கையால் தொடாமலும் வரவேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படியாமல் வளர்ச்சி கெட்டுவிடும், ஒடித்ததோ நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஒட்டாது. பெலும் போன்ற இடங்களில் விழுதுகள் ஒடிக்கப்பட்டிருப்பதையும் சுவரில் பெயர்கள் கீறப்பட்டிருப்பதையும் காணும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது.

கரையும் கல்லில்தான் நீண்ட குகை என்று இதுவரை சொல்லிவந்த விதிக்கு ஒரு விலக்கையும் சொல்லியாக வேண்டும். மேகாலயத்தின் மாசின்ராம் பக்கத்தில் 2018-ல் அளந்து முடிக்கப்பட்ட கிரெம் பூரி, 24 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தாலும், அது அமைந்திருப்பது மணற்பாறையில். மணிகளைப் பிணைத்திருக்கும் பசை மட்டும் மெல்லக் கரைந்து, தளர்ந்த மணலை ஓடும் நீர் வாரிக்கொண்டு போவதற்குத் தோதான சரிவும் இருந்தால், கரையாத பாறையிலும் மைல் கணக்கில் வழி உண்டாகும். தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டு மேசைமலைகளில் குவார்ட்சைட்டிலேயே இத்தகைய குகைகள் இருக்கின்றன. திருத்தணி மலையேறி வடக்கே நோக்கினால் தெரியும் நகரி மூக்கும் அதனையடுத்த மலைகளும் அதே இனத்துக் குவார்ட்சைட்தான். அவற்றின் பிளவுகளில் நீர் எங்கே புகுகிறது, எங்கே வெளிவருகிறது, எந்த இடுக்கிலிருந்து கோடைப் பகலில் குளிர்ந்த காற்று வீசுகிறது என்பதை நாடாவும் திசைமானியும் நோட்டுப் புத்தகமுமாகச் சென்று வரிசையாகக் குறித்துக்கொண்டு வருவது, திருத்தணியிலும் நகரியிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடக்கூடிய வேலை.